சி மொழி சந்தேகங்கள்: நகலானது பெயரா, விலாசமா?

கேள்வி: ஐந்து ஊர்ப் பெயர்களைக் கீபோர்டில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் மாலாக் (malloc) போட்டு நினைவகத்தில் இடம் பிடித்து, ஒரு பாயின்டர் அரேயில் வைத்தேன். அதை, பைட்களை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி (memcpy) மூலம் இன்னொரு அரேக்கு நகலெடுத்தேன். நகலில் ஒரு எழுத்தை மாற்றினால் மூலத்திலும் மாறுகிறது. கடைசியில் இரண்டு அரே வழியாகவும் ஃப்ரீ (free) போட்டு இடத்தை விடுவித்தால் புரோகிராமே நின்றுபோகிறது. மெம்காப்பியில் கோளாறா?
– கணினி அறிவியல் மாணவி, கோவில்பட்டி

பதில்: மெம்காப்பி பாவம், சொன்னதைத்தான் செய்திருக்கிறது. உங்கள் அரேக்குள் ஊர்ப் பெயரே கிடையாது, பெயர்கள் இருக்கும் இடங்களின் ஐந்து முகவரிகள், அதாவது பாயின்டர்கள்தான் இருக்கின்றன. 64 பிட் கணினியில் ஒன்றுக்கு 8 பைட், ஆக 40 பைட். நகலானது அந்த 40 பைட் மட்டும். வீட்டு விலாசத்தை இன்னொரு சீட்டில் எழுதிக்கொண்டால் இன்னொரு வீடு கட்டியதாகுமா?

ஃப்ரீ விவகாரமும் இதேதான். முதல் அரே வழியாக விடுவித்த இடத்தையே இரண்டாவது அரே வழியாக மறுபடி விடுவிக்கிறீர்கள். லினக்ஸில் ஓட்டியிருந்தால் 'டபுள் ஃப்ரீ' என்று திரையிலேயே ஒரு வரி வந்திருக்கும். அதைப் படிக்காமல் டெர்மினலை மூடுவதில் நம் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது.

சரி, வழி என்ன? லூப் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஸ்ட்ர்லென் (strlen) தரும் நீளத்தோடு ஒன்று கூட்டி மாலாக்கில் புது இடம் கேளுங்கள். கிடைத்ததா என்று பார்த்துவிட்டு, ஸ்ட்ர்காப்பி (strcpy) போட்டு எழுத்துகளை அதில் நகலெடுங்கள். அந்தக் கூடுதல் ஒன்று, பெயர் முடிந்ததைக் காட்டக் கடைசியில் நிற்கும் பூஜ்ய பைட்டுக்கு. ஸ்ட்ர்லென் அதை எண்ணாது. அந்த ஒன்றை விட்டுவிட்டாலும் புரோகிராம் உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடக்கூடும், அதுதான் ஆபத்து. இடம் பிடிப்பது, நகலெடுப்பது இரண்டையும் ஸ்ட்ர்டூப் (strdup) ஒரே வரியில் முடித்துவிடும். யூனிக்ஸ்காரர்கள் நெடுநாளாகப் பயன்படுத்துவது, சி மொழியின் சி23 தரத்தில்தான் முறைப்படி சேர்ந்தது.

பெயர்கள் எல்லாம் சின்னவை என்றால் ஐந்து வரிசை, வரிசைக்கு 20 இடம் என்று இருபரிமாண அரேயே போதும். எழுத்துகள் அதற்குள்ளேயே இருப்பதால், அங்கே மெம்காப்பி 100 பைட்டையும் ஒழுங்காக நகலெடுத்துவிடும். சமக்குறி போட்டு மட்டும் முயல வேண்டாம். அரேயை அப்படி நகலெடுக்க சி விடாது. அதே அரேயை ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் (பல தகவல்களை ஒன்றாகக் கட்டும் வகை) வைத்தால் சமக்குறியிலேயே முழுதும் நகலாகும். வேடிக்கையான மொழி!

கேள்வி: 'மதுரை' மூன்று எழுத்துதானே? 10 இடம் ஒதுக்கி, பாதுகாப்புக்காக, அளவு சொல்லி நகலெடுக்கும் ஸ்ட்ர்என்காப்பி (strncpy) போட்டும் கடைசியில் குப்பை வருகிறதே?
– வாசகர், தேனி

பதில்: எழுத்துகளைப் பைட்களாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறிகள். தலைக்கு 3 பைட், மொத்தம் 15. பூஜ்யத்தோடு 16. பத்தில் நிறுத்தினால் 'மது' முடிந்து, 'ர'வின் முதல் பைட்டோடு அறுபடும். போதாக்குறைக்கு, இடம் நிறைந்துவிட்டால் ஸ்ட்ர்என்காப்பி பூஜ்யம் வைக்காது. பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு இருந்த 14 பைட் கட்டம் போன்றவற்றை நிரப்ப வந்த ஃபங்ஷன் அது. காவலுக்கு வைக்காதீர்கள். இடத்தை 16 ஆக்கி, ஸ்ட்ர்காப்பியே போடுங்கள்.