திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு: திரைக் கேள்வி – பதில்

கேள்வி: சமீபத்திய பேய்ப் படங்களில் நாற்காலியை விட்டே துள்ளி எழுகிறேன். ஆனால் வெளியே வந்த பிறகு ஒன்றுமே மனதில் நிற்பதில்லை. எனக்குப் பயம் விட்டுப்போய்விட்டதா?

பதில்: நீங்கள் பயப்படவே இல்லை, திடுக்கிட்டீர்கள். அவ்வளவுதான். பின்னால் ஒரு தட்டு விழுந்தாலும் இதேபோலத் துள்ளத்தான் செய்வீர்கள். பலத்த சத்தம் காதில் விழுந்ததும் மூளை யோசிப்பதற்கு முன்பே இமை மூடிவிடும். அது அனிச்சைச் செயல்; கதைக்கு அதில் வேலையே இல்லை.

ஒலிக்கலவையில், அதாவது படத்தின் எல்லாச் சத்தங்களையும் சேர்த்து அளவு பார்க்கும் வேலையில், இப்படித் திடுக்கிட வைப்பதும் எளிது. அந்தப் பலத்த சத்தம், அதாவது 'அடி', விழுவதற்கு இரண்டு மூன்று நொடி முன்பே பூச்சி ரீங்காரம், காற்று, கடிகார முள் என்று பின்னணியில் இருப்பதை ஒவ்வொன்றாக உருவிவிடுவார்கள். காது அந்த அமைதியில் கூர்மையாகும் நேரம் பார்த்து எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே அடி. இந்த வித்தை முதல் இரண்டு முறை பலிக்கும். மூன்றாம் முறை, அமைதி வந்ததுமே "இதோ வருகிறது" என்று பார்ப்பவர் தயாராகிவிடுவார். அதற்காகச் சத்தத்தை இன்னும் ஏற்றினால் தலைவலிதான் மிச்சம்.

இதை முதலில் நேர்த்தியாகச் செய்தது 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படம். இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்புச் சத்தம். சட்டென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. நம் காது அதைத் தேடும்போது சிறுத்தை சீறுவதுபோல ஒன்று பாய்கிறது. பார்த்தால், பிரேக் போட்டு வந்து நிற்கும் பேருந்து! அங்கே நம்மை உலுக்கியது பேருந்து இல்லை, நின்றுபோன அந்தச் செருப்புச் சத்தம்தான்.

2025இல் வந்த 'வெப்பன்ஸ்' படத்தின் தொடக்கத்தையும் பாருங்கள். அதிகாலை 2.17க்கு ஒரே வகுப்பைச் சேர்ந்த 17 குழந்தைகள் கைகளை விரித்தபடி இருட்டுக்குள் ஓடுகிறார்கள். பின்னணியில் ஓடுவது ஒரு பாட்டு. எந்த அடியும் விழவில்லை, 'எங்கே ஓடுகிறார்கள்?' என்ற கேள்வி மட்டும் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. பயம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: அதே படங்களை வீட்டில் பார்த்தால் வசனம் கேட்பதில்லை. ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியில் வீடே அதிர்கிறது. இருட்டுக் காட்சிகளோ வெறும் சாம்பல் நிறம். என்ன செய்யலாம்?

பதில்: திரையரங்கக் கலவையில் முணுமுணுப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. டிவியின் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தாங்க முடியாது. ஒலி அமைப்பில் 'நைட் மோட்' இருந்தால் போடுங்கள். அந்த இடைவெளி சுருங்கும். சவுண்ட்பாரில் நடு ஸ்பீக்கருக்குத் தனி அளவு இருந்தால் அதை மட்டும் 2 முதல் 4 டெசிபல் ஏற்றினால் போதும், வசனம் முன்னால் வந்துவிடும். இரண்டே ஸ்பீக்கர் என்றால், படம் பார்க்கும் செயலியின் ஒலித் தேர்வில் 5.1க்குப் (பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி) பதில் ஸ்டீரியோவைப் (இரண்டு ஸ்பீக்கருக்கானது) போட்டுப் பாருங்கள்.

படத்துக்கு: டிவியின் பட அமைப்பில் 'விவிட்' வேண்டாம், 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' முறை. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பேய்கூட நாடகத்தொடர் நடிகர்போலத் தெரியும். கடைசியாக, திரைக்கு எதிரே இருக்கும் விளக்கு. அதை அணைக்காமல் மற்ற எதைத் திருகியும் கறுப்பு கறுப்பாகாது.

கேள்வி: 'சின்னர்ஸ்' என்ற ரத்தக்காட்டேரிப் படத்தில் திரை திடீரென்று உயரமானதாக நண்பர் சொல்கிறார். நான் பார்த்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லையே?

பதில்: இருவர் சொல்வதும் சரி. அந்தப் படம் 65 மி.மீ. ஃபிலிமில் இரண்டு வகைக் கேமராக்களால் எடுக்கப்பட்டது. ஒன்று 2.76:1, அதாவது உயரத்தைப்போல 2.76 மடங்கு அகலம் கொண்ட, மிக அகலமான சட்டகம். மற்றது ராட்சதத் திரைக்கான ஐமாக்ஸ் முறையின் 1.43:1, கிட்டத்தட்டச் சதுரம். ஐமாக்ஸ் ஃபிலிம் ஓட்டும் அரங்குகளிலும் உயரமான திரையுள்ள சில லேசர் ஐமாக்ஸ் அரங்குகளிலும்தான் அந்த முழு உயரம் கிடைக்கும். மற்ற டிஜிட்டல் ஐமாக்ஸில் 1.90:1 வரை. சாதாரண அரங்கில் இந்த மாற்றமே கிடையாது. ஆகவே டிக்கெட்டில் 'ஐமாக்ஸ்' என்று இருந்தால் மட்டும் போதாது, எந்த ஐமாக்ஸ் என்று கேளுங்கள்.

கேள்வி: 300 மில்லியன் டாலர் வசூலித்த படத்தைத் தோல்வி என்கிறார்கள். கணக்கு புரியவில்லை.

பதில்: அது டிக்கெட் விற்ற மொத்தப் பணம். ஏறத்தாழப் பாதி அரங்குகளுக்குப் போய்விடும். தயாரிப்புச் செலவு என்று வெளியே சொல்லும் தொகையில் விளம்பரச் செலவும் சேராது. 200 மில்லியனில் எடுத்த படத்துக்கு 300 வசூல் என்றால் நட்டம்தான். நான் முதல் வார வசூலைப் பார்ப்பதில்லை, இரண்டாம் வாரத்தைத்தான் பார்ப்பேன். பேய்ப் படங்கள் வழக்கமாக அங்கே பாதிக்குமேல் சரியும். 'சின்னர்ஸ்' அமெரிக்க வட்டாரத்தில் 48 மில்லியனில் தொடங்கி, அடுத்த வார இறுதியிலும் 45 மில்லியனைத் தாண்டியது. விளம்பரத்தால் அப்படி நடக்காது. பார்த்தவர்கள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: பேய்ப் படத்துக்கு 3டி தேவையா?

பதில்: கண்ணாடி வெளிச்சத்தைத் தின்னும். ஏற்கெனவே இருட்டான படத்தில் இருக்கிற கொஞ்சத்தையும் ஏன் இழக்க வேண்டும்? 2டி டிக்கெட் எடுங்கள்.