அரிசியை விட்டுவிடாதீர்கள், தம்பி

குடியாத்தத்திலிருந்து இங்கிலாந்தின் கவென்ட்ரிக்குப் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் குரோன்ஸ் நோய் ஊரிலேயே தெரிந்துவிட்டதாம். இங்கே வந்தபிறகு முட்டி வீங்குகிறது, காலையில் இடுப்பு விறைத்துப்போகிறது. கூட இருப்பவர்கள் சொன்னதைக் கேட்டு அரிசி, கோதுமை, பருப்பு, பால், தக்காளி, உருளை, கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார். ஆறு கிலோ இறங்கிவிட்டதாம். இனி என்ன சாப்பிடுவது என்பது முதல் கேள்வி. வாடகை, குளிர் ஜாக்கெட், பகுதிநேர வேலை என்று இன்னும் மூன்று.

ஜாக்கெட்டையும் வாடகையையும் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். அந்த ஆறு கிலோவைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

நீங்கள் நிறுத்தியவை ஒரே பட்டியல் இல்லை, மூன்று பட்டியல்கள். மாவுச்சத்தை விடு என்பது முதுகெலும்பு வாதத்துக்காக லண்டனில் ஆலன் எப்ரிங்கர் சொன்னது. குடலில் இருக்கும் கிளெப்சியெல்லா கிருமிதான் காரணம் என்பது அவருடைய கருத்து, அதற்கு உறுதியான சான்று இன்றுவரை சேரவில்லை. வெங்காயம், பூண்டு, பருப்பு, பால் குறைப்பது மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் முறை. அது வாயுவையும் உப்புசத்தையும் குறைக்கும், குடல் புண்ணை ஆற்றாது. அதையும் 2 முதல் 6 வாரம் செய்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, தக்காளி கத்திரிக்காய் வகையறா மூட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை. மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் தட்டில் எதுவும் மிஞ்சாது. அழற்சி இருக்கும் உடம்பு தசையைக் கரைத்துத் தின்னும். தசை போனால் முட்டியைத் தாங்க ஆளில்லை, வலி கூடும்.

உணவால் எந்த வலி குறையும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முட்டி, கணுக்கால் மாதிரி பெரிய மூட்டு ஒன்றிரண்டு வீங்குவது பெரும்பாலும் குடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். குடல் அடங்கினால் அதுவும் அடங்கும். விரல் மூட்டுகள் பலவற்றில் மாதக்கணக்கில் நிற்கும் வலி அப்படியில்லை. படுத்து எழுந்தால் விறைத்து, நடந்தால் விடும் இடுப்பு வலியும் குடலுக்குக் கட்டுப்படாது. அதற்கு மருந்தும் தினசரி உடற்பயிற்சியும்தான். இடுப்புக்காகச் சோற்றைப் பட்டினி போடுவதில் பயனில்லை.

அடுத்தது இங்கே வரும் நம் பிள்ளைகள் எல்லாரும் விழும் குழி. சூப்பர்மார்க்கெட்டில் ஐப்யூபுரோஃபன் 16 மாத்திரை அட்டை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். டாக்டர் பார்க்க நாளாகிறது என்று அதை விழுங்கிக்கொண்டே இருப்பார்கள். ஐப்யூபுரோஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென் எல்லாம் ஒரே சாதி. முட்டி வலி குறையும், ஆனால் குடல் நோயை மறுபடி கிளறிவிடக்கூடும். பிறகு சோற்றின்மேல் பழி போகும். வலிக்குப் பாராசிட்டமால் போடுங்கள், 500 மி.கி. மாத்திரை ஒரு தடவைக்கு இரண்டு, ஒரு நாளில் எட்டைத் தாண்டக்கூடாது. ஆறு கிலோ இறங்கிய உடம்பு என்பதால் எவ்வளவு போடலாம் என்று மருந்துக்கடையில் எடையைச் சொல்லிக் கேளுங்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் பரிசோதனை (குடல் அழற்சியை அளப்பது) எழுதித் தந்தால், நீங்கள் போட்ட வலி மாத்திரையை மறைக்காமல் சொல்லுங்கள். அது அந்த எண்ணை ஏற்றிக் காட்டும்.

இனி சமையல். கலங்கியிருக்கும் வயிற்றுக்குச் சோறு எதிரி இல்லை. ஒரு டம்ளர் பச்சரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய வடித்துச் சூடாகச் சாப்பிடுங்கள். ஃப்ரிட்ஜில் ஆறிய சோற்றில் செரிக்காத மாவு கூடும், வாயு பிடிக்கும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர் வெளியே வைத்த பழைய சோற்றைத் தொடவே வேண்டாம். இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. நன்றாகப் புளித்தால் உளுந்தின் வாயு குறையும். ஆனால் இந்த ஊர்க் குளிரில் எட்டு மணி நேரத்தில் மாவு அசையாது. ஓவன் அடுப்பைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள், 14 மணி நேரமாவது விடுங்கள். முன்பெல்லாம் நல்ல உளுந்துக்கே பஸ் ஏறி லெஸ்டர் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே சரியாகிவிடும். இன்று தெருமுனையில் எல்லாம் கிடைக்கிறது. எல்லாம் கிடைத்தும் ஓட்ஸ் பாலில் சியா விதை போட்டுக் குடிக்கிறார்கள், விதையும் நாரும் புண்ணான குடலை என்ன பாடுபடுத்தும் என்று யோசிப்பதில்லை.

பருப்பில் பாசிப்பருப்பிலிருந்து தொடங்குங்கள். மூன்று மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரை தண்ணீரில் இறங்கும், அதனால்தான் கொட்டுவது. முதலில் வெந்த பருப்பு இரண்டு மேசைக்கரண்டி போதும். பூண்டில் உள்ள சர்க்கரையும் அதே ஜாதிதான், ஆனால் அது எண்ணெயில் கரையாது. பூண்டைத் தட்டிச் சிறுதீயில் எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை வரும், வயிறு உப்பாது. அன்றன்றைக்குச் செய்யுங்கள். பாட்டிலில் ஊற்றி வெளியே வைத்தால் நஞ்சாகும் கிருமி வளரும்.

குடல் சுருங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இருந்தால் சட்டம் வேறு. முருங்கைக்காய் நார், தேங்காய்த் துருவல், சோளம், வேர்க்கடலை, கீரைத்தண்டு, தக்காளித் தோலும் விதையும் கூடாது. துருவலுக்குப் பதில் தேங்காய்ப் பால், ரசத்தை வடிகட்டுங்கள்.

கேழ்வரகு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் வடஆற்காட்டில் ஆடி மாதம் அம்மன் கோவில் வாசலில் அண்டா அண்டாவாகக் கூழ் ஊற்றுவார்கள், நொய்யரிசி சேர்த்து, பச்சை வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்போம். கூழ் குடித்தவனுக்கு எலும்பு நோகாது என்பார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு, அது உண்மை. ஆனால் நாரும் 11 கிராம் இருக்கிறது. களியாகக் கிண்டினால் உங்கள் குடல் இப்போது தாங்காது. கைக்குழந்தைக்குச் செய்கிற மாதிரி செய்யுங்கள்: இரவு ஊறவைத்து, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, அந்தப் பாலைக் கைவிடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். துணியில் நிற்கும் தவிட்டைக் கொட்டிவிடுங்கள், அதை உப்புமாவில் சேர்க்கிறேன் பேர்வழி என்று வைக்காதீர்கள்.

கத்திரிக்காயை மூட்டுக்காக விட வேண்டியதில்லை. வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே வந்தது, அதைத் தின்று வளர்ந்த ஊர் முழுக்க முடங்கிக் கிடக்கவில்லை. சந்தேகமிருந்தால் மூன்று வாரம் நிறுத்தி, பிறகு தோலையும் விதையையும் நீக்கி இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிட்டு முட்டியைப் பாருங்கள். அந்த வாரத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். உருளையை இன்றே திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், தோல் சீவி மசித்தது எளிதாகச் செரிக்கும்.

நோய் கிளறியிருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டை 6 கிராம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்தி மீன் டின் வாங்குங்கள். முள் மெத்தென்று இருக்கும், மசித்தால் கால்சியம், அதன் கொழுப்பு மூட்டு வலிக்கும் ஓரளவு உதவும். மீன் எண்ணெய் மாத்திரையை அள்ளிப் போட்டால் பேதிதான். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் லாக்டோஸ் நீக்கிய பால் எல்லாக் கடையிலும் உண்டு, கால்சியம் அதேதான். பாதாம் பாலில் புரதம் பெயருக்குத்தான். லேபிளில் 100 மி.லி.க்கு 120 மி.கி. கால்சியம் சேர்த்ததாக இல்லாவிட்டால் அது வெறும் தண்ணீர். ஸ்டெராய்டு எடுப்பவர் எலும்புக்குக் கால்சியம்தான் உயிர். வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம், நம் நிறத்துக்கு வருடம் முழுவதும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் இருந்தால் பி12 உணவிலிருந்து சரியாக ஏறாமல் போகலாம், ரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் ஊசி போடச் சொல்லுங்கள்.

நம்மவர்களில் ஒரு கூட்டம் இருக்கிறது. பொங்கல் விழாவில் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஊர் டாக்டருக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்து, பையிலிருந்து சூரணப் பொட்டலம் எடுப்பார்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் அசாதையோபிரினோ மெத்தோட்ரெக்ஸேட்டோ எடுப்பவருக்குக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை அடிக்கடி எதற்கு எடுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. குழம்பில் போடும் மஞ்சள் நல்லது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. வாங்காதீர்கள்.

ஜிபியிடம், அதாவது இங்கத்திய குடும்ப டாக்டரிடம், பதிந்துகொள்ளுங்கள், பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. வேலூரில் எடுத்த கொலனோஸ்கோப்பி, பயாப்ஸி ரிப்போர்ட்டை வீட்டிலிருந்து இன்றே வாட்ஸ்அப்பில் வரவழையுங்கள். நம் நாட்டில் குடல் காசநோய் பார்வைக்குக் குரோன்ஸ் போலவே இருக்கும், அதைப் பார்த்து விலக்கினார்களா என்று இங்கே கேட்பார்கள். ஊசி மருந்து தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனையும் செய்வார்கள். குடல் டாக்டரும் மூட்டு டாக்டரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்கிறார்களா என்று நீங்களே கேளுங்கள். ஊசி மருந்துகளில் அடலிமுமாப் குடல், மூட்டு இரண்டுக்கும் வேலை செய்யும், எட்டனர்செப்ட் மூட்டுக்கு மட்டும், செக்யூகினுமாப் குரோன்ஸைக் கிளறக்கூடும். டயட்டீஷியனையும் கேட்டு வாங்குங்கள், ஆறு கிலோ என்ற எண்ணை வாய் திறந்து சொல்லுங்கள்.

வயிறு கல்லாக உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். குடல் அடைப்பு நள்ளிரவு என்று பார்க்காது. போக வழியில்லை என்றால் அவசர எண் 999 அடியுங்கள், அறைத் தோழனை எழுப்பிக் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.