வேறு வேறு தரவுத்தளங்களை இணைப்பது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

சம்மாந்துறை: அண்ணா, ஆலைக் கணக்கு எஸ்கியூஎல் சர்வரில், கடை விற்பனை மைஎஸ்கியூஎல்லில். ஒரே அறிக்கையில் பார்க்கலாமா?

பார்க்கலாம் தம்பி. மைஎஸ்கியூஎல்லோடு மற்ற மென்பொருள்கள் பேச உதவும் ஓடிபிசி டிரைவரைப் போட்டு, எஸ்கியூஎல் சர்வரில் லிங்க்ட் சர்வர் ஒன்றை, அதாவது வெளித் தரவுத்தளத்துக்கான இணைப்பை, அமையுங்கள். அட்டவணையை நேரே பெயர் சொல்லிக் கேட்டால், பல நேரம் முழு அட்டவணையும் இழுபட்டு வந்து இங்கேதான் வடிகட்டப்படும். வினவலை ஓப்பன்குவெரி என்ற கட்டளைக்குள் எழுதினால் மைஎஸ்கியூஎல்லே வடிகட்டி, தேவையான நிரைகளை மட்டும் அனுப்பும். இணைப்புக்கு எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனரைக் கொடுக்க வேண்டாம். வாசிக்க மட்டும் உரிமையுள்ள பயனர் போதும்.

காத்தான்குடி: வெளி அட்டவணையைக் காட்டும் மைஎஸ்கியூஎல்லின் ஃபெடரேட்டட் வசதி வழியாக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள அட்டவணையை எடுக்க முடியுமா?

முடியாது, அது இன்னொரு மைஎஸ்கியூஎல்லோடு மட்டும்தான் பேசும். போஸ்ட்கிரெஸ் பக்கமிருந்து மைஎஸ்கியூஎல் அட்டவணைகளை அங்கே காட்டும் மைஎஸ்கியூஎல் எஃப்டிடபிள்யூ நீட்சியைப் போடுங்கள். இங்கேயும் வாசிக்க மட்டும் உரிமை.

களுவாஞ்சிக்குடி: சேர், இணைப்பு வேலை செய்கிறது. ஆனால் அங்கத்தவர்களை அடையாள அட்டை இலக்கத்தால் பொருத்தினால் நிறையப் பேர் விடுபடுகிறார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பழைய இலக்கம் 9 எண்களும் ஓர் எழுத்தும்; 2016 முதல் 12 எண்கள். ஒரே ஆள் இங்கே பழையதிலும் அங்கே புதியதிலும் இருப்பார். பழையதை மாற்ற, முன்னால் 19 போடுங்கள். முதல் 5 எண்கள் அப்படியே, அப்புறம் ஒரு 0, பிறகு மிச்ச 4 எண்கள். எழுத்தை விட்டுவிடுங்கள். அட்டவணையில் இந்த இலக்கம் இருக்கும் நிரலை எழுத்து வகையாகவே வையுங்கள், 12 எண்கள் சாதாரண இன்ட் என்ற முழு எண் வகையில் அடங்காது. இன்னொன்று, பழைய இலக்கங்களை அப்படியே ஒப்பிட்டால்: கடைசியில் வரும் ஆங்கிலச் சிறிய வியையும் பெரிய வியையும் மைஎஸ்கியூஎல் வழக்கமாக ஒன்றாகவே பார்க்கும், போஸ்ட்கிரெஸ் வேறாகப் பார்க்கும்.

அக்கரைப்பற்று: இவ்வளவு பாடு எதற்கு? பெயரும் பிறந்த திகதியும் போதுமே.

போதாது. முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று ஒரே பெயரை மூன்று அலுவலகம் மூன்று விதமாக எழுதும். பொருந்தாமல் விடுபட்டவர்களைப் பட்டியலில் பார்க்கவும் முடியாது.

அக்கரைப்பற்று: அடையாள அட்டை இல்லாத சிறு பிள்ளைகளுக்கு என்ன செய்வது?

அது நியாயம், நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். இரு பக்க இலக்கங்களையும் சோடி சேர்க்கும் ஓர் அட்டவணையை உருவாக்குங்கள். பெயரையும் திகதியையும் வைத்துச் சோடிகளைத் தேடலாம். ஆனால் உறுதி செய்வது, அந்தக் குடும்பங்களைத் தெரிந்த ஒருவராக இருக்க வேண்டும். ஒருமுறை செய்தால் பிறகு புதியவர்களை மட்டும் சேர்த்தால் போதும்.

திருக்கோவில்: தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக வருகின்றன.

எஸ்கியூஎல் சர்வர் என்றால் நிரலின் வகையை வார்ச்சாரிலிருந்து, யூனிகோடு ஏற்கும் என்வார்ச்சாராக மாற்றி, வினவலில் எழுத்துத் தொடருக்கு முன்னால் ஆங்கில ‘என்’ எழுத்தைப் போடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்தவை திரும்பாது, மூலத்திலிருந்து மறுபடி ஏற்றுங்கள்.

வாழைச்சேனை: எங்களுக்கு ஆங்கில எழுத்தாக வருகிறது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு இணையுங்கள்.

செங்கலடி: லிங்க்ட் சர்வருக்கு ரூட் கடவுச்சொல்...

மேலே மூன்று தடவை வாசியுங்கள் தம்பி. வாசிக்க மட்டும் உரிமை.

கல்முனை: கிளையிலிருந்து இணைக்க மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவா?

வேண்டாம். விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பைப் போடுங்கள்.