ரேஷன் கடையில் விழாத ரேகை விசாவுக்கு விழுமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. காலமெல்லாம் பீடி சுற்றியவர். ரேஷன் கடை மெஷினில் அவர் ரேகை விழுவதே இல்லை. கனடாவில் இருக்கும் தம்பியைப் பார்க்க அம்மா, நான், என் 12 வயது மகன் மூவரும் விசிட்டர் விசா கேட்கப் போகிறோம். அம்மாவும் ரேகை கொடுக்க வேண்டுமா? ஆதாரில் இருப்பது போதாதா?
– வாசகி, தென்காசி

பதில்: கொடுத்துத்தான் ஆக வேண்டும். 14 முதல் 79 வயது வரை எல்லோரிடமும் கனடா கைரேகையும் போட்டோவும் கேட்கிறது. இந்தியர்களுக்கு 2018 டிசம்பர் 31 முதல் இதுதான் நடைமுறை. உங்கள் மகனுக்கு வேண்டாம். ஆதார் ரேகையை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் ரேஷன் கடையை நினைத்து அம்மா பயப்பட வேண்டியதில்லை. அங்கே ஒரு விரலை வைத்து, ஆதாரில் ஏற்கெனவே பதிந்த ரேகையோடு ஒத்துப்பார்க்கிறார்கள். விரல் தேய்ந்திருந்தால் ஒத்துப்போகாது. விசா மையத்தில் பத்து விரல்களையும் புதிதாகப் பதிகிறார்கள். அகலமான கண்ணாடியில் வலது கையின் நான்கு விரல், இடது கையின் நான்கு, அப்புறம் இரண்டு கட்டைவிரல்.

என் அத்தையும் பீடி சுற்றியவர்தான். முதலில் வைத்தபோது திரையில் வெறும் திட்டுதான் தெரிந்தது. அங்கிருந்த பெண் அத்தையின் விரல்களை ஈரத்துணியால் துடைத்து, மேலிருந்து மெல்ல அழுத்திப் பிடித்தார். கோடுகள் வந்துவிட்டன. வறண்ட தோல்தான் பாதித் தொல்லை. அதனால் இன்றிலிருந்தே ராத்திரி படுக்கும்போது அம்மாவின் விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். போகிற அன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. மருதாணியும் வேண்டாம். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறிய பிறகு போங்கள்.

ரேகை சரியாக வரவில்லை என்று பிறகு மறுபடி கூப்பிட்டாலும் பதறாதீர்கள். அது விசா மறுப்பு அல்ல.

ரேகைக்கான கட்டணம் ஆளுக்கு 85 கனடா டாலர், குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் அதிகபட்சம் 170. பணம் கட்டி விண்ணப்பித்ததும் உங்கள் ஆன்லைன் கணக்குக்கு ஒரு கடிதம் வரும். அதிலிருந்து 30 நாளுக்குள் ரேகை கொடுக்க வேண்டும். சென்னை மையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு, அந்தக் கடிதத்தின் பிரிண்ட்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். தென்காசியிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து அப்படியே வரிசையில் நிறுத்தாதீர்கள், 71 வயதில் அது பெரிய பாடு. ஒருமுறை கொடுத்த ரேகை 10 வருஷத்துக்குச் செல்லும். அடுத்த முறை விசிட்டர் விசாவுக்கு அம்மா இதற்காக அலைய வேண்டியிருக்காது.