அமெச்சூராக ட்ரையத்லானில் கலந்துகொள்ள என்னென்ன வாங்க வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

கேள்வி கேட்டவர், தான் ஐ.டி. வேலையில் இருப்பதையும், தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதையும், ஒன்றரை லட்சத்துக்குள் எந்த சைக்கிள் எடுக்கலாம் என்று யோசிப்பதையும் விரிவாக எழுதியிருக்கிறார். ட்ரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் முடிக்கிற போட்டி. ஆனால் நீச்சலைப் பற்றி அவர் எழுதியது ஒரே வரிதான்: "சுமாரா நீந்துவேன்." இதே வரியை நானும் ஒருகாலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எனக்கு 43 வயது. சென்னையில் கணக்கு வழக்கு பார்க்கும் வேலை. இதுவரை மூன்று சின்னப் போட்டிகள், ஒரு பெரியது. பெரியது என்பது 2022 நவம்பரில் கோவா மிராமர் கடற்கரையில் நடந்த அயர்ன்மேன் 70.3. பெயரில் இருப்பது மொத்தத் தூரத்தின் மைல் கணக்கு. 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். புதிதாக வருகிறவர் எடுத்த எடுப்பில் அங்கே போய் நிற்க வேண்டாம். ஸ்பிரிண்ட் என்று ஒன்று இருக்கிறது: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. ஒலிம்பிக் தூரம் என்பது அதைப்போல இரண்டு மடங்கு. ஸ்பிரிண்டில் ஆரம்பியுங்கள். தினமும் ஐந்து ஓடுகிறவருக்கு அதில் ஓட்டம் ஒரு பொருட்டாகவே தெரியாது. சைக்கிளை விட்டு இறங்கி முதல் பத்து அடி வைக்கும்போதுதான் தெரியும், கால் நம்முடையதாகவே இருக்காது. அதற்காகவே வாரம் ஒருநாள் சைக்கிள் ஓட்டிய கையோடு பதினைந்து நிமிடம் ஓடிப் பழக வேண்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

நீச்சலுக்கு வருகிறேன். எனக்கு ஈரோடு பக்கம் கிராமம். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்த தலைமுறை. மோட்டார் ரூம் மேலேயிருந்து குதித்தவன் என்ற நினைப்பில் சென்னையில் ஒரு குளத்தில் இறங்கினேன். 25 மீட்டர் போய்ச் சுவரைப் பிடித்தபோது நாய் மாதிரி இரைத்தது. கோச்சுக்கு அறுபது வயதிருக்கும். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "எந்த ஊர்க் கிணறு சார்?"

கிணற்றில் நீந்தியவர்களை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாராம். தலை தண்ணீருக்கு மேலேயே நிற்கும், கண் படிக்கட்டைத் தேடும். தலை மேலே வந்தால் இடுப்பு அமுங்கும். இடுப்பு அமுங்கினால் கால் நங்கூரம் போட்ட மாதிரி பின்னால் இழுக்கும். முதல் இரண்டு வாரம் கையை வீசவே விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்து மூச்சு விடுவதுதான் வேலை. "உள்ள இருக்கும்போதே விட்டுடுங்க சார், வெளிய வந்தா இழுக்க மட்டும்தான் நேரம். நீங்க ரெண்டையும் வெளிய வச்சே பண்றீங்க, அதான் இரைக்குது." பக்கத்து லேனில் எட்டு வயதுப் பிள்ளைகள் மீன் மாதிரி போய்க்கொண்டிருக்க, நான் குமிழி விட்டுக்கொண்டு நின்றேன். மூன்று மாதம், 9,000 ரூபாய். நான் செய்த செலவிலேயே உருப்படியானது இதுதான்.

ஆனால் அந்த மூன்று மாதமும் ராத்திரியில் நான் செய்துகொண்டிருந்தது வேறு வேலை. பழைய பொருள் விற்கும் குழுக்களில் சைக்கிள் சக்கரம் தேடுவேன். கடலை நினைத்தால் வயிற்றைக் கலக்கும், உடனே ஏதாவது ஒரு பொருளின் விலையைப் பார்ப்பேன், கொஞ்சம் அடங்கும். அப்படித்தான் வெட்சூட் வந்தது. வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் கறுப்பு ரப்பர் உடையில் குதிக்கிறார்களே என்று, ஒருமுறை போட்டதை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த ரெயின்கோட்டுக்கா இம்புட்டு?" என்றார்.

ரெயின்கோட்டாகக்கூட அது பயன்படவில்லை. வெட்சூட்டில் இருப்பது நியோப்ரீன், அதுவே நம்மை மிதக்க வைக்கும், இடுப்பைத் தூக்கிக் கொடுக்கும். அதனால்தான் தண்ணீரின் வெப்பத்தை வைத்து விதி போட்டிருக்கிறார்கள். அயர்ன்மேன் போட்டிகளில் வயதுவாரியாகப் பிரிக்கப்படும் எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்கு 24.5 டிகிரி வரைதான் வழக்கமான அனுமதி. நம் பக்கத்துக் கடல் அதைவிடச் சூடு. கோவாவில் எல்லோரும் சாதாரண உடையில்தான் நீந்தினார்கள். ஐரோப்பாவுக்குப் போட்டிக்குப் போவதாக இருந்தால் ஒழிய அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

நீச்சலுக்கு உண்மையில் வேண்டியது கண்ணாடி. இரண்டு வாங்குங்கள், ஒன்று வெயிலுக்குக் கறுப்பு, ஒன்று மூட்டத்துக்குத் தெளிவானது. கடலில் பழக இடுப்பில் கட்டும் ஆரஞ்சு நிற மிதவைப் பை ஒன்று, 1,200 ரூபாய். முப்பது வருஷம் கழித்து மறுபடியும் சுரைக்குடுக்கை! தனியாகக் கடலில் இறங்காதீர்கள். நம் கடற்கரையில் இழுப்பு எங்கே இருக்கிறது என்பது மீனவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. கோவளம் பக்கம் குழுவாகப் போகிறவர்களோடு, கரையில் ஆள் வைத்துக்கொண்டு போங்கள்.

மிராமர் மாண்டவி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கம். தண்ணீர் கலங்கலாக இருந்தது, நீட்டிய கை தெரியவில்லை. குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், இங்கே எதுவும் கிடையாது. ஏழெட்டு வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே தூக்கி மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். முதல் இருநூறு மீட்டரில் யாரோ ஒருவரின் குதிகால் என் கண்ணாடியில் பட்டது, உப்புத் தண்ணீர் புகுந்தது, மூச்சு சிதறியது. பக்கத்தில் காவலுக்கு நின்ற கயாக்கை, அதாவது சின்னத் துடுப்புப் படகை, பிடித்துக்கொண்டேன். பிடிக்கலாம், தப்பில்லை, அதைப் பிடித்தபடி முன்னேறத்தான் கூடாது. படகிலிருந்த பையன், "டேக் யுவர் டைம் சார்" என்றான். கண்ணாடியைக் கழற்றிக் கொட்டிவிட்டு, முகத்தை உள்ளே வைத்து நாலு தடவை குமிழி விட்டேன். மூச்சு வந்துவிட்டது. 1 மணி 10 நிமிடக் கெடுவில் 54 நிமிடத்தில் கரையேறினேன்.

இப்போது நீங்கள் ஆவலாகக் கேட்ட சைக்கிள். ஒன்றரை லட்சம் தேவையில்லை. நான் ஓட்டியது 38,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய அலுமினிய ரோட் பைக். பழையது வாங்கினால் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஃபிரேமில் விரிசலும் செயின் தேய்மானமும் பார்த்துவிடுங்கள். அளவுதான் முக்கியம். சட்டை மாதிரி சைக்கிளுக்கும் சைஸ் உண்டு, ஒரு சைஸ் பெரியதை "சீப்பா கிடைச்சுது" என்று வாங்கினால் கழுத்தும் முதுகும் வட்டி கட்டும்.

அதன்பிறகு மிச்சப் பணத்தை உட்காரும் விதத்தில் போடுங்கள். சைக்கிளில் வேகம் கூடக்கூட நம்மைத் தடுப்பது காற்றுதான். அந்தக் காற்றை அதிகம் வாங்குவது சைக்கிள் இல்லை, நம் உடம்பு. அயர்ன்மேன் போட்டிகளில் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது, முன்னால் போகிறவருக்கு 12 மீட்டர் விட வேண்டும். அதனால் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட ஹேண்டில்பாரில் மாட்டும் ஏரோபார் ஒன்று வாங்குங்கள். எனக்கு 3,500 ரூபாய் ஆனது. 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில் அமெரிக்க வீரர் கிரெக் லெமான்ட் 50 நொடி பின்தங்கியிருந்து, 8 நொடி முன்னிலையில் பட்டம் வென்றார். அன்று அவர் கையூன்றியிருந்தது ட்ரையத்லான்காரர்களிடமிருந்து போன இந்த ஏரோபாரில். சைக்கிள் பந்தயக்காரர்களுக்கே நம்மாட்கள் கற்றுக்கொடுத்த ஒரே விஷயம் என்று இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவோம். அதைப் போட்டதும் 5,000 ரூபாய் கொடுத்து ஒருமுறை பைக் ஃபிட் செய்துகொள்ளுங்கள். சீட் உயரம், கை எட்டும் தூரம் எல்லாம் அளந்து வைப்பார்கள்.

இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். 45,000 ரூபாய்க்குப் பழைய கார்பன் சக்கரம் ஒரு ஜோடி வாங்கினேன். 50 மி.மீ. ஆழ ரிம், ஓடும்போது "வூம் வூம்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் கொடுத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கோவாவில் கிட்டத்தட்ட 60 கி.மீ. தாண்டியதும் பின் டயர் பஞ்சர். பதற்றமே இல்லை, ஈ.சி.ஆரில் எத்தனை பஞ்சர் போட்டிருக்கிறேன். டயரைக் கழற்றி, ஸ்பேர் டியூபைப் போட்டு, பம்பை எடுத்தால் வால்வைக் காணோம். ரிம் ஆழம் 50, என் டியூபின் வால்வு நீளம் 48. அது ரிம்முக்கு உள்ளேயே நின்றுகொண்டு வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சக்கரத்தை விற்றவர் நீள வால்வு டியூபைப் போட்டே கொடுத்திருந்தார். நான் பழைய சக்கரத்துக்கு வாங்கி வைத்திருந்த ஸ்பேரை அப்படியே சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெயிலில் பத்து நிமிடம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியாள் உதவி வாங்கினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள், ஆனால் சக போட்டியாளர் டியூபோ பம்போ கொடுக்கலாம். டி.டி. பைக்கில் (குனிந்து வேகமாக ஓட்டவே செய்த பந்தய சைக்கிள்) வந்த ஒரு பெண் நிறுத்தி, நிலைமையைப் பார்த்துச் சிரித்து, 80 மி.மீ. வால்வு டியூப் ஒன்றை நீட்டினார். "ஆல் தி பெஸ்ட், அங்கிள்!" டியூபுக்காக அங்கிளையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரை சூட் என்ற ஒற்றை உடையில் நீந்தி, ஓட்டி, ஓடிவிடலாம், உட்காரும் இடத்தில் வைத்துத் தைத்த பேடு மெல்லியதாக இருக்கும். சைக்கிள் ஷார்ட்ஸின் தடித்த பேடு தண்ணீர் குடித்துவிட்டால் நாப்கின் கட்டிய குழந்தை மாதிரிதான் ஓட வேண்டும். அக்குள், தொடை, கழுத்து மூன்றிலும் வாஸலின், தாராளமாக. ஷூவுக்கு முடிச்சுப் போடத் தேவையில்லாத இழுவை லேஸ். நம்பர் பெல்ட் ஒன்று, சைக்கிளில் நம்பர் முதுகுப் பக்கம், ஓட்டத்தில் முன்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். ஹெல்மெட் விலையைவிட விதி முக்கியம்: பக்கிளைப் போட்ட பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிய பிறகுதான் பக்கிளைக் கழற்ற வேண்டும். இதைப் பழக்க மொட்டை மாடியில் ஒரு பக்கெட் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஓடிவந்து ஹெல்மெட் மாட்டிப் பார்ப்பேன். எதிர்வீட்டு அக்கா என் மனைவியிடம், "சார் நல்லா இருக்காரா?" என்று விசாரித்தாராம்.

சாப்பாட்டில் கடலை மிட்டாய் சரிப்படவில்லை, வறண்ட வாயில் தொண்டைக்கு இறங்காது. கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், எனர்ஜி ஜெல், ஓ.ஆர்.எஸ். மூன்றும் எனக்கு ஒத்துப்போயின. மணிக்கு 50, 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், போட்டிக்கு முன்பே வயிற்றுக்கும் அதைப் பழக்குங்கள். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போகும், அது ஆபத்து. விமானத்துக்கு சைக்கிளைக் கழற்றுகிறவர்கள் கவனிக்க: இடது பெடலின் மரை தலைகீழ். காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை என் பையிலிருந்து விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள், கோவாவில் இறங்கி வாங்கினேன்.

கோவாவில் எனக்கு ஆனது மொத்தம் 7 மணி 44 நிமிடம், கெடு எட்டரை மணி நேரம். கணக்குப் பிள்ளை என்பதால் செலவையும் சொல்லிவிடுகிறேன். கோச், கண்ணாடி, மிதவைப் பை, சைக்கிள், ஏரோபார், ஃபிட், ஹெல்மெட், உடை, ஷூ, டியூப், பம்ப் எல்லாம் சேர்த்து 75,000. இதில் பதிவுக் கட்டணமும் பயணமும் சேரவில்லை. சக்கரமும் வெட்சூட்டும் 63,000. சக்கரத்தைப் போன வருஷம் விற்றுவிட்டேன், நீள வால்வு டியூப் இரண்டையும் சேர்த்தே கொடுத்தேன். வெட்சூட் இன்னும் பீரோவில்தான் தொங்குகிறது. நீங்கள் ஐந்தடி ஏழு அங்குலம், 70 கிலோ சுற்றுவட்டாரத்தில் இருந்து, குளிர்ந்த ஊருக்குப் போட்டிக்குப் போவதாக இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.