ஏடிஎச்டியும் குடியும்: தயங்கித் தயங்கிக் கேட்ட சில கேள்விகள்

இரண்டு பெக் உள்ளே போனால்தான் தலைக்குள் இரைச்சல் அடங்குகிறது. அப்படியென்றால் எனக்கு அது மருந்து மாதிரிதானே?

அடங்குவது உண்மைதான், உங்கள் கற்பனை இல்லை. ஏடிஎச்டி என்பது கவனம் நிலைக்காமலும் அவசரத்தை அடக்க முடியாமலும் இருக்கும் நிலை, அது உள்ளவர்களின் மூளையில் உற்சாகத்தைத் தூண்டும் டோபமின் என்ற ரசாயனம் வேலை செய்யும் விதமே வேறு. மது அதைச் சட்டென்று உயர்த்தும், கூடவே மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையையும் கூட்டும், அதனால் கொஞ்ச நேரம் எல்லாம் ஓய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளையையும் அது சீக்கிரமே மந்தமாக்கிவிடும். 'போதும், நிறுத்து' என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஏடிஎச்டியில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பிரேக்கும் அதுதான். இரண்டோடு எழுந்துவிடுவேன் என்று உட்கார்ந்தவர் ஐந்தாவதைக் கேட்பதை மன உறுதி இல்லாத குணம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எத்தனை என்பதை முதல் கிளாஸுக்கு முன்பே முடிவு செய்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள், ஏனென்றால் இரண்டாவதுக்குப் பிறகு அந்த முடிவை எடுக்கும் ஆள் நீங்கள் இல்லை. அப்புறம் மறுநாளைக் கவனியுங்கள்: மறதி, பதற்றம், எரிச்சல் எல்லாமே கூடியிருக்கும், அதை அடக்க மாலையில் மறுபடி பாட்டில். பலருக்கு இப்படித்தான் பழக்கமாகிறது.

ஏடிஎச்டிக்காகக் காலையில் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை போடுகிறேன். இரவு குடிக்கலாமா?

சேர்க்காதீர்கள். மாத்திரை உங்களை விழிப்பாக வைத்திருப்பதால் போதை ஏறியது தெரியாது, தெரியாமலே அதிகம் குடிப்பீர்கள், வண்டியைக்கூட எடுப்பீர்கள். மது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவையும் கூட்டும். இரண்டும் சேர்ந்து உடலுக்குள் எத்தில்ஃபெனிடேட் என்ற இன்னொரு பொருளும் உருவாகிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் கேப்ஸ்யூல்களில் சில, மது பட்டால் மருந்தை மெதுவாக விடாமல் சீக்கிரமே கொட்டிவிடும்.

'அப்படியானால் குடிக்கிற நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறேன்' என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பிரேக்குக்கு உதவி இல்லாத நாளாகப் பார்த்துக் குடிக்க உட்காருகிறீர்கள், யோசித்துப் பாருங்கள்.

ஏடிஎச்டிக்கு நான் எடுப்பது அட்டோமாக்ஸெட்டின் என்ற வேறு மருந்து. இதற்குப் பிரச்சினை இல்லையே?

மேலே சொன்ன ரகப் பிரச்சினை இல்லை. ஆனால் இந்த மருந்து அபூர்வமாகக் கல்லீரலைப் பாதிக்கும், எனவே அதிகம் குடிப்பவர் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ அன்றே போய்ப் பாருங்கள். ஏடிஎச்டிக்கே தரப்படும் குவான்ஃபசின், குளோனிடின் என்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு மதுவோடு மயக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் வரலாம்.

குடிக்காவிட்டால் தூக்கமே வருவதில்லை.

சீக்கிரம் தூங்கிவிடுவீர்கள், சரி. ஆனால் முன்னிரவில் கனவுத் தூக்கம் குறையும், பின்னிரவில் போதை இறங்க இறங்கத் தூக்கம் துண்டுதுண்டாகும். தூக்கம் கெட்ட மறுநாள் ஏடிஎச்டி இரண்டு மடங்காகத் தெரியும். தூக்கத்துக்கென்று தனியாகச் சிகிச்சை கேளுங்கள்.

என் கணவர் பல வருடமாகத் தினமும் குடிக்கிறார். இப்போதுதான் ஏடிஎச்டி சந்தேகம் வந்திருக்கிறது. நாளையிலிருந்தே நிறுத்தச் சொல்லட்டுமா?

திடீரென்று வேண்டாம், தயவுசெய்து. தினமும் அதிகம் குடிக்கும் உடலுக்குச் சட்டென்று மது நின்றால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்துச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பம்கூட வரும். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குடியை முழுதாக விட்ட பிறகுதான் ஏடிஎச்டியைப் பார்ப்போம் என்று வருடக்கணக்கில் தள்ளுவதும் சரியில்லை, இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தரலாம். குடியே கவனத்தைக் கெடுக்கும் என்பதால், 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று கேட்பார்கள். பழைய பள்ளி ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள். நீங்களும் கூடவே போங்கள். தினம் எவ்வளவு குடிக்கிறார் என்பதை அவர் குறைத்துச் சொன்னால் அங்கேயே திருத்துங்கள், நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் தரும் மருந்தின் அளவை அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.