நட்புத் தொடரும் நாட்காட்டியும்: உதைபந்தாட்டக் கேள்வி-பதில்

2021 நவம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த நான்கு நாடுகள் தொடரின் இறுதியாட்டத்தில் இலங்கை சீஷெல்ஸிடம் பெனல்டியில் தோற்றது. நட்புத் தொடர்தானே, அதனால் தரவரிசையில் ஏதும் மாறுமா? (வெள்ளவத்தை வாசகர்)

மாறும், ஆனால் மிகச் சிறிதளவே. 2018 முதல் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா பின்பற்றும் கணக்கின்படி, ஓர் ஆட்டத்தின் முடிவிலிருந்து (வெற்றிக்கு 1, தோல்விக்கு 0), இரு அணிகளின் பழைய புள்ளிகளை வைத்து எதிர்பார்க்கப்பட்ட முடிவைக் கழித்து, அந்த ஆட்டத்தின் முக்கியத்துவ எண்ணால் பெருக்கி, வருவதை அணியின் பழைய புள்ளியோடு சேர்க்கிறார்கள். உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்கு அந்த எண் 25. நட்பு ஆட்டத்துக்கு, அது சர்வதேசப் போட்டிகளுக்கென பீபா ஒதுக்கிய நாட்களுக்குள் நடந்தால் 10, அதற்கு வெளியே நடந்தால் வெறும் 5. நீங்கள் குறிப்பிடும் இறுதியாட்டம் நடந்தது நவம்பர் 19ஆம் திகதி. அந்த மாதத்தில் ஒதுக்கப்பட்ட நாட்களோ 16ஆம் திகதியுடன் முடிந்துவிட்டன.

ஆட்டம் 3-3 என முடிந்து பெனல்டிக்குச் சென்றதால், வென்ற அணிக்கு 1 அல்ல, 0.75 என்றும் தோற்ற அணிக்கு 0 அல்ல, 0.5 என்றும் கணக்கிடப்படும். சம பலமுள்ள இரண்டு அணிகள் (எதிர்பார்க்கப்பட்ட முடிவு இருவருக்கும் 0.5) என்று வைத்துக்கொண்டால், ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே பெனல்டியில் வென்றவர் பெறுவது 1.25 புள்ளி மட்டுமே. தோற்றவர் எதையும் இழப்பதில்லை. அன்று கிண்ணம் கைநழுவியதை எண்ணி அரங்கில் கண்கலங்கியவர்களுக்கு இது ஆறுதலாகாது என்பதை அறிவேன்.

ஆயினும் இந்தச் சில்லறைப் புள்ளிகளைத் தள்ளிவிட வேண்டாம். 2026 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிகாண் சுற்றில், தரவரிசையில் கடைசியாக நின்ற 20 அணிகள் மட்டும் முதற்சுற்றில் இரண்டிரண்டாக மோத வேண்டியிருந்தது. 2023 ஒக்டோபரில் யேமனிடம் முதல் ஆட்டத்தை 3-0 என இழந்து, கொழும்பில் 1-1 எனச் சமன் செய்த இலங்கை, அந்த இரண்டு ஆட்டங்களோடு வெளியேறியது. மேலே இருந்த 26 அணிகளுக்கோ, தோற்றாலும் வென்றாலும், இரண்டாம் சுற்றில் ஆறு ஆட்டங்கள் உறுதியாக இருந்தன.

2024 மார்ச்சில் இங்கு நடந்த பீபா தொடரில் இறுதியாட்டமே இல்லாதது ஏன்? கிண்ணம் இல்லாத போட்டியைப் பார்க்க யார் வருவார்கள்? (கொட்டாஞ்சேனை வாசகர்)

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அந்த அமைப்பே சரியானது என்பது என் கருத்து. தேசிய அணிகளின் ஆட்டங்களுக்கென பீபா ஒதுக்கும் வழக்கமான ஒன்பது நாள் காலத்தில் ஓர் அணி இரண்டு ஆட்டங்கள் மட்டுமே ஆடலாம். அந்த நாட்களில்தான் கழகங்கள் தமது வீரர்களைத் தேசிய அணிக்கு விடுவிக்கக் கடமைப்பட்டுள்ளன. நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதி, பிறகு இறுதியாட்டமும் வைத்தால் நான்கு ஆட்டங்களாகிவிடும். அப்போது வெளிநாட்டுக் கழகங்களில் ஆடுவோர் பாதியிலேயே புறப்பட நேரும், அல்லது கழகத்தின் தயவை நம்பியிருக்க நேரும்.

அதனால்தான் 2024இல் ஒவ்வோர் அணிக்கும் இரண்டே ஆட்டங்கள். இலங்கை, பப்புவா நியூ கினியுடன் 0-0 எனச் சமன் செய்து, பூட்டானை 2-0 என வென்றது. அந்த இரண்டு அணிகளையும் இலகுவாகத் தோற்கடித்த மத்திய ஆபிரிக்கக் குடியரசு நம்மோடு மோதவில்லை என்பது எனக்கும் குறைதான். ஆனால் 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பீபாவின் தடையில் முடங்கிக் கிடந்த ஒரு நாட்டுக்கு, வேறு கண்டத்து அணியொன்று கொழும்புக்கே வந்து ஆடியது சிறிய விடயமல்ல.

கனடாவில் பிறந்த என் பேரன் அங்கே இளையோர் அணியொன்றில் ஆடுகிறான். இலங்கைக்காக ஒரு நட்புத் தொடரில் ஆடினால், பிறகு கனடாவுக்கு ஆட முடியாதா? (பம்பலப்பிட்டி வாசகர்)

ஐயா, ஆட முடியும். ஒரு வீரரை ஒரு நாட்டோடு பிணைப்பது தகுதிகாண் ஆட்டம் போன்ற அதிகாரபூர்வப் போட்டியே. நட்பு ஆட்டங்கள் எத்தனை ஆடினாலும் அவை பிணைப்பதில்லை. பெயரில் "கிண்ணம்" என்றிருந்தாலும் நட்புத் தொடருக்கும் இதே நிலைதான். ஆனால் தாத்தா இலங்கையர் என்பது மட்டும் போதாது. ஆடும் நாளில் பேரன் இலங்கைக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். எனவே பயிற்சியாளரைத் தேடிப் போகுமுன் தூதரகத்துக்குச் சென்று ஆவணங்களைச் சரிசெய்யுங்கள். திறமை இருந்தும் ஒரு முத்திரைக்காகக் காத்திருந்து வாய்ப்பை இழப்பது வீண் வேதனை.

நட்பு ஆட்டத்தில் பதினொருவரையும் மாற்றலாமாமே? (மருதானை வாசகர்)

ஒரு காலத்தில் மாற்றினார்கள். 2003 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் இங்கிலாந்துப் பயிற்சியாளர் எரிக்சன் முழு அணியையும் மாற்றி, 3-1 எனத் தோற்றார். அடுத்த ஆண்டிலேயே தேசிய அணிகளின் நட்பு ஆட்டங்களுக்கு ஆறு மாற்றங்கள் என்ற வரம்பு வந்தது.

1995இல் நாம் இந்தியாவை வென்றதும் இப்படியொரு நட்புத் தொடரிலா? (தெமட்டகொடை வாசகர்)

இல்லை, அது தெற்காசியக் கிண்ணம். தங்க கோல் விதியில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் போடும் அணியே வென்றதாகும்) 1-0 என வென்றோம்; அந்த விதி இப்போது இல்லை.

மீண்டும் நான்கு நாடுகள் தொடர் நடத்துவதானால் எந்த மாதம் நல்லது? (மட்டக்குளி வாசகர்)

நவம்பரைத் தவிருங்கள் என்பேன். பருவமழைகளுக்கு இடைப்பட்ட அந்த மாதத்தில் மாலை மழை கொழும்பு மைதானங்களை எளிதில் குளமாக்கிவிடும். பீபாவின் புதிய நாட்காட்டியின்படி 2026 முதல் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களின் தனித்தனிக் காலங்கள் ஒன்றாக்கப்பட்டு, 16 நாட்களில் நான்கு ஆட்டங்களுக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. மூன்று லீக் ஆட்டங்களும் ஓர் இறுதியாட்டமும் அதற்குள் அடங்கும். கழகங்களும் வீரர்களைப் பிடித்து வைக்க முடியாது. ஒக்டோபரிலும் மழை உண்டு என்பதால், செப்டெம்பர் கடைசி வாரத்திலேயே தொடரைத் தொடங்கிவிடுவது நல்லது.